நேத்ரா குதித்த ஆக்சல்

ஜூலை 4, வெள்ளி

சமூக அறிவியல் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க ஆறுகளும் அணைகளும். அவற்றைத் தாண்டி யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். அம்மா தூங்கிவிட்டாள். அப்பா கம்பெனி வேனில் நைட் ஷிப்ட் ஆட்களை ஏற்றப் போயிருக்கிறார். பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தால் என் பாய்வரை ஒரு கோடு வெளிச்சம் விழும். அது போதும்.

பயம் வந்தால் எனக்கு வயிறு வலிக்கும். எழுதினால் குறைகிறது. ஆனால் இன்று வந்தது நல்ல பயம்.

மாநில ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரே ஒரு பெண் போகலாம். எங்கள் வெள்ளிச்சக்கரம் கிளப்தான் பெயரை அனுப்ப வேண்டும். கூடவே ஒரு வீடியோ. வீடியோவில் ஆக்சல் இருந்தே ஆக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். ஆக்சல் என்றால் முன்னால் பார்த்துக் குதித்து, காற்றில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்னால் போய்க்கொண்டே ஒற்றைக் காலில் இறங்குவது. நாலு சக்கரம் வைத்த ஷூவில் அது எவ்வளவு கனம் என்று குதித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் கிளப்பில் அதை விழாமல் இறக்கியது நான் மட்டும். பிப்ரவரியில் முதல்தடவை இறக்கினேன்.

எங்கள் கோச் வனஜா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "துளசி, வீடியோவுக்கு நீதான் குதிக்கற. யாருகிட்டயும் சொல்லாத. மத்த பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க" என்றார். நவம்பரோடு எனக்குப் பதினைந்து முடிகிறது. இந்த வருடம் போகாவிட்டால் இந்தப் பிரிவில் இனி இல்லை.

கிளப்பிலும் பள்ளியிலும் கூடவே இருக்கும் நேத்ராவிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலை முழுவதும் அம்மாவும் நானும் கூலிக்கு நூல் பிசிறு வெட்டினோம். பனியன் மூட்டை இரண்டு. விரல் இன்னும் கத்தரிக்கோல் பிடித்த மாதிரியே மடங்கி நிற்கிறது.

மதியம் அம்மா என் டிரஸ்ஸை வெட்ட உட்கார்ந்தாள். கிளப் பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மாதான் தைக்கிறாள். அதற்குப் பதிலாகத்தான் மிஸ் என்னிடம் பீஸ் வாங்குவதில்லை. எனக்கு எப்போதும் மிச்சத்துணியில் கையில்லாமல் ஒன்று தைப்பாள். இந்தத் தடவை மயில்நீல வெல்வெட். கழுத்துவரை, மணிக்கட்டுவரை நெட் துணி. கால்களுக்கு டைட்ஸ். கைக்கு உறைகூட.

நெட் துணிக்குக் கடையில் ஸ்கின் கலர் என்று பெயர். என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பால்கோவாவுக்குப் பக்கத்தில் பனைவெல்லம் வைத்த மாதிரி இருந்தது.

"இது யாரு ஸ்கின்னும்மா?"

"லைட்டு அடிச்சா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். கையை எடு, வெட்டோணும்."

தோளில் ஒரு பக்கமாகப் பூ வேலை வைக்கலாம் என்றேன். நேத்ராவின் பழைய டிரஸ்ஸில் அப்படித்தான் இருக்கும். மிஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்.

துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இரண்டு டிரஸ் வெட்டினாள். ஒன்று கிழிந்தால் மாற்றிக்கொள்ள என்றாள். இரண்டாவதைப் போட்டுப் பார்த்தேன். தோள் பிடித்தது. சொன்னேன். "அது கெடக்கட்டும்" என்றாள்.

எனக்கு இவ்வளவு நல்ல துணியில் அம்மா தைத்ததே இல்லை. வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூலை 9, புதன்

கணிதத் தேர்வு. கணுக்கால் வீக்கம். ஐஸ் இல்லை, பக்கத்து வீட்டில் பால் பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் அதிலேயே டீ போட்டார்கள்.

ஜூலை 12, சனி

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ரிங்கில் இருந்தோம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தகர ஷெட் போட்டது எங்கள் ரிங்க். சுவரில் பெரிதாகக் கிளப் பெயர் எழுதியிருக்கும்.

கேமரா நேத்ராவின் சித்தப்பா. அவர் கல்யாண வீடியோ எடுப்பவர், நன்றாக எடுப்பார் என்று மிஸ் சொன்னார். மிஸ் தன் கையாலேயே என் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் கிரீம் தடவினார். முகத்துக்குத் தடவவில்லை. நேரமில்லை போலிருக்கிறது.

"கேமராவப் பாக்காத. கோட்டப் பாரு. எறங்கறப்ப தலை குனிஞ்சே இருக்கட்டும்."

மூன்று வருடமாக என் தாடையைப் பிடித்து நிமிர்த்தியவர் மிஸ்தான். புது விதிபோல என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு தடவை குதித்தேன். ஆறு இறங்கியது. கடைசி ஆக்சல், நான் குதித்ததிலேயே அதுதான் உயரம். மேலே இருக்கும்போது சத்தமே இல்லை. இறங்கியதும் மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு "என் தங்கமே" என்றார். மிஸ் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்தால் காரில் நேத்ரா உட்கார்ந்து மேரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அதே மயில்நீல டிரஸ். அவள் உடம்பில் அந்த நெட் துணி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"ட்வின்ஸ் மாதிரி இருக்கோம் பாருடி" என்று சிரித்தாள். எனக்கு ரெண்டு பிஸ்கட் கொடுத்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

வீடியோ அனுப்பியாகிவிட்டதாம். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். "சூப்பர்" என்றார் மிஸ். காட்டவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

நேத்ராவுக்கு இன்ஸ்டாவில் ஒரு பக்கம் இருக்கிறது. அவள் அம்மா நடத்துகிறார். நாற்பத்தெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். நேத்ரா சுழன்றால், தண்ணீர் குடித்தால், விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் இதயம் போடுவார்கள். அவள் விழும்போதுகூட அழகாகச் சிரிப்பாள். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பன்னிரண்டு பேர் இருந்த கிளப்பில் இப்போது அறுபது பேர்.

இன்று மாலை அதில் ஒரு வீடியோ வந்தது. நேத்ராவின் முகம் பக்கத்தில். அவள் மூச்சை இழுக்கிறாள். பிறகு தூரத்திலிருந்து மயில்நீல டிரஸ், ஓட்டம், ஆக்சல். பிறகு மறுபடி நேத்ராவின் முகம், வியர்வை, சிரிப்பு. கீழே: மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள் நம்ம ஊர் தேவதை.

அது என் கடைசி ஆக்சல்.

முதலில் எனக்கே சந்தேகம் வந்தது. நான் இடதுகைக்காரி. எல்லோரும் இடப்பக்கம் சுற்றினால் நான் வலப்பக்கம் சுற்றுவேன். வீடியோவில் இருப்பவள் இடப்பக்கம் சுற்றினாள். ஆனால் இறங்கும்போது சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டது. அந்தக் கெட்ட பழக்கம் எனக்குத்தான். நான்காவது தடவை பார்க்கும்போதுதான் பின்னாலிருந்த சுவர் கண்ணில் பட்டது. கிளப் பெயரின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தன. என் வீடியோத் துண்டுகளை மட்டும் இடவலமாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். டிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்க ஞாபகம் இருந்தவர்களுக்குச் சுவர் ஞாபகம் வரவில்லை.

எட்டு மணிக்கு யாரோ "செவுத்துல எழுத்து ஏன் திரும்பியிருக்கு" என்று கேட்டிருந்தார். எட்டேகாலுக்கு வீடியோ காணோம். ஒன்பதுக்கு மறுபடி வந்தது. இப்போது சுவர்மேல் பூக்கள் விழுந்துகொண்டிருந்தன.

என்னிடம் இருக்கும் அப்பாவின் பழைய போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா பார்க்கவில்லை. மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இது நான்தானம்மா."

"எனக்கென்ன தெரியும். தைச்சுக் குடுன்னாங்க, தைச்சேன்."

"நெட் துணிய யாரு கைல வெச்சுப் பாத்து வாங்கின?"

நூல் ஊசியில் ஏறவே இல்லை. அம்மாவுக்கு இருட்டிலும் நூல் ஏறும்.

ஜூலை 20, ஞாயிறு

மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். ஷூ லேஸைப் பார்த்தபடியேதான் கேட்டேன்.

மிஸ் கோபப்படவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து என் லேஸை அவரே கட்டிவிட்டார்.

"இங்க பாரு துளசி. குதிக்கறது மட்டும் ஸ்கேட்டிங் இல்ல. மேல நின்னா நாலு பேருக்குப் பாத்துட்டே இருக்கணும்னு தோணணும். அது உனக்கு இல்லேன்னு நான் சொல்லல. ஜனங்களுக்கு இன்னும் பழகல. நேத்ரா அங்க போய் விழுந்தாலும் கை தட்டுவாங்க. நீ பர்ஃபெக்டா எறங்கினாலும் கம்முனு இருப்பாங்க. நாஞ் சொல்றது பொய்யா?"

மறு ஷூவின் லேஸையும் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இது வெளிய போனா கிளப்ப ரெண்டு வருஷம் தடை பண்ணிருவாங்க. அறுபது குழந்தைங்க. எல்லாம் உன்னாலன்னு ஆகும். உங்கம்மா தைச்சதும் வெளிய வரும்."

எழுந்து வெளியே வந்தேன்.

ரிங்க் பின்னால் நேத்ரா காத்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நான் வேணாம்னுதான்டி சொன்னேன். அம்மா கேக்கல."

"நீ போய் அங்க எப்படிடி குதிப்ப?"

"நான் போகவே மாட்டேன். கால் வலின்னு சொல்லிடறேன். முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் பேரு மாத்தலாமாம், நான் பாத்துட்டேன். நீதான் போற. என் மேல ப்ராமிஸ்."

என் உள்ளங்கையில் அடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது. நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது.

ஜூலை 23, புதன்

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் ஷூ இல்லாமல் சும்மா ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு யாஸ்மின் ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்க நேத்ரா அக்கா மாதிரியே பண்றீங்க. ஆனா சைடு மாத்திப் பண்றீங்க."

"அப்படியா" என்றேன்.

"பரவால்ல, ட்ரை பண்ணுங்க. வந்துரும்."

ஜூலை 24, வியாழன்

ரேஷன் கார்டுப் படத்தை அனுப்ப அம்மாவின் போனை வாங்கினேன். படங்களில் தேடும்போது பிப்ரவரி மாதத்தில் போய் நின்றேன். என் முதல் ஆக்சலைக் கிளப் பக்கத்தில் போட மறந்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. போட்டிருக்கிறார்கள். கீழே வந்த கமெண்டுகளை அம்மா படம் பிடித்து வைத்திருக்கிறாள். பதினோரு படம்.

எல்லாவற்றையும் இங்கே எழுதமாட்டேன். ஒன்று மட்டும். "பவர் கட்டா? டிரஸ் மட்டும் குதிக்குது." அதற்கு நூற்று நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. போனைப் பிடுங்கவில்லை.

"நாந்தான் அந்த வீடியோவத் தூக்கிருங்கன்னு மிஸ்கிட்டச் சொன்னேன்."

"எதுக்கும்மா இதெல்லாம் வெச்சிருக்க?"

"தெரியல. அழிக்கக் கை வரல."

"அதுக்காக என்னை அவளா ஆக்கிட்டியா?"

அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். "உன் குதிய நாலு பேரு பாக்கட்டும்னு நெனச்சேன் கண்ணு. ஒரு நாயும் ஒண்ணும் சொல்லாம பாக்கட்டும்னு. இப்பப் பாத்தீல்ல? அத்தன பேரு பாத்திருக்கறாங்க. ஒருத்தன் ஒரு வார்த்த தப்பாப் பேசல."

நான் சோறு சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

பயிற்சி. நேத்ரா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். கொஞ்சம் நொண்டியும் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் நாலு நாள். எட்டு குதித்தேன், ஏழு இறங்கியது.

ஜூலை 30, புதன்

அம்மா பிரியாணி வாங்கி வந்தாள். மாசக் கடைசியில். லெக் பீஸ் இரண்டையும் என் தட்டில் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். "சும்மா, உனக்குப் பிடிக்குமேன்னு" என்றாள். தலையை வேறு தடவிக் கொடுத்தாள்.

பேர் மாற்றச் சொல்லிவிட்டார்களோ. அம்மாவுக்கு முன்பே தெரிந்துவிட்டதோ. கேட்டால் கண் படும்போல இருந்தது, கேட்கவில்லை. நாளைக்குத் தெரியும்.

ஜூலை 31, வியாழன்

நேத்ரா பள்ளிக்கு வரவில்லை. நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்து மணிக்குப் பெயர் மாற்றும் நேரம் முடியும். நாலே முக்காலுக்கு மிஸ்ஸைக் கூப்பிட்டேன். பிஸி.

ஐந்து அடித்தது. பிறகு ஆறு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேத்ராவின் பக்கத்தில் புது வீடியோ. சோபாவில் சாய்ந்திருக்கிறாள். காலில் கிரேப் பேண்டேஜ். கண் கலங்கியிருக்கிறது.

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க. மாநிலப் போட்டிக்குப் போக முடியாது. உங்க எல்லார்கிட்டயும் சாரி."

பதினாறாயிரம் இதயம். "அழாத செல்லமே." "நீ போகலேன்னா அது போட்டியே இல்ல." நேத்ரா நலம்பெறப் பழனியில் மொட்டை போடுவதாக ஒருத்தர் எழுதியிருக்கிறார்.

பிராமிஸைக் காப்பாற்றிவிட்டாள். ஒரு நாள் தள்ளி.

எங்கள் மாவட்டத்திலிருந்து இந்த வருடம் யாரும் போகவில்லை.

இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது. "சாரிடி. கால் வலின்னு நேத்தே போடறேன்னு சொன்னேன். அம்மாவும் மிஸ்ஸும் நீ அங்க போய்க் குதிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னாங்க. கோவமா?" கடைசியில் ஓர் அழும் பொம்மை. எனக்கு அனுப்பியதும் அதே பொம்மைதான், பதினாறாயிரம் பேருக்குப் போட்டதும் அதேதான்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"என்னை அனுப்பமாட்டேன்னு மிஸ் உனக்கு எப்பச் சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம."

பிரியாணி புதன்கிழமை.

கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன். அதற்குள் எப்போதோ ஜீரணமாகியிருக்கும். வெறும் தண்ணீர்தான் வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மிஸ் வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். நேத்ரா கால் சரியாகித் திரும்பி வருவதுபோல ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். இரண்டே இரண்டு ஆக்சல் போதுமாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "அவளுக்குப் பரீட்சைங்க மிஸ். பொறவு பாக்கலாமுங்க" என்றாள்.

முடியாது என்று சொல்லவில்லை. பிறகு பார்க்கலாம் என்றுதான் சொன்னாள். ஆப்பிளையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

பள்ளி விடுமுறை. வாட்ச்மேன் தாத்தாவிடம் நோட்டை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிக் கூடைப்பந்து மைதானத்துக்குள் போனேன். யாஸ்மினையும் கூட்டிப்போனேன். அப்பாவின் பழைய போனை அவள் கையில் கொடுத்தேன்.

சக்கர ஷூ, பி.டி. டிராயர், கைவைத்த பனியன். அப்பா கம்பெனியில் தள்ளுபடியான பீஸ். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

சிமெண்ட் தரை கரடு. முதல் இரண்டும் விழுந்து முழங்கை சிராய்த்தது. மூன்றாவது இறங்கியது.

"அக்கா, வந்துருச்சு" என்றாள் யாஸ்மின். "ஆனா இப்பவும் அந்தப் பக்கந்தான் சுத்தினீங்க."

"ஆமா. நான் அந்தப் பக்கந்தான் சுத்துவேன்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று இரவு ஒன்பதரைக்கு அதைப் போட்டேன். என் பெயரில் ஒரு பக்கம் திறந்து, பூ விழ வைக்காமல், பாட்டு வைக்காமல். யாரைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. எழுதப் பயம். அறுபது குழந்தைகளின் முகமும் வரிசையாக வந்தது. "துளசிமணி. ஆக்சல்." அவ்வளவுதான் எழுதினேன். போட்டுவிட்டுப் போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அது என் இதயத்தோடு சேர்ந்து ஆடியது.

பத்தரைவரை நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். இரண்டு கமெண்ட்.

முதலாவது: "நேத்ரா பாப்பாவக் காப்பி அடிக்கற. அதுவும் ராங் சைடுல."

இரண்டாவதை எழுதவில்லை. பிப்ரவரியில் வந்ததுபோல ஒன்று.

பார்த்தேன். வயிறு வலித்தது. ஆனால் நான் நினைத்த அளவு இல்லை. அழிக்கவில்லை. அம்மாதான் அவ்வளவையும் எனக்கு முன்னால் படித்துவிட்டாளே, எனக்காக மிச்சம் வைத்தது குறைவுதான்.

அம்மா என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். போர்வைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் இருந்தது. ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அவள் முழங்கை லேசாக ஆடியது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கும்போது அம்மாவின் முழங்கை அப்படித்தான் ஆடும்.

என் போன் அதிர்ந்தது. மூன்றாவது கமெண்ட். பெயர் இல்லை, வெறும் எண்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ. இன்றைக்குத்தான் திறந்த கணக்கு.

"யார் பெத்த பிள்ளையோ, நல்லா குதிக்குது."

திரும்பத் திரும்பப் படித்தேன். போர்வைக்குள் வெளிச்சம் அணைந்தது.

இருட்டில் அம்மா கேட்டாள். "இன்னும் தூங்கலியா கண்ணு?"

"தூங்கிட்டேம்மா" என்றேன்.